ஒரே உதை

‘பதினொன்றரை மணிக்குத் திறக்கப்படும்’ என்ற அட்டையைக் கிளினிக் கதவில் மாட்டிவிட்டு, பல் டாக்டர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

மாடி வீட்டிலிருந்து மனைவி இறங்கி வந்தாள்.

“கடைசியா ஒரு தடவை பாத்துட்டு மட்டும் வாங்க. நம்மளுது இல்லைன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அந்தச் சனியன் திரும்ப இந்த வாசப்படிக்கு வரக் கூடாது.”

“சரி” என்றார். சொல்லும்போது அப்படித்தான் நினைத்திருந்தார்.

பேப்பரில் படத்தோடு வந்திருந்தது. பாழடைந்த கொட்டகையில் கிடந்த பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். ஒருவர் உரிமை கோரியிருக்கிறார். ஆட்சேபணை உள்ளவர்கள் இன்றைக்குள் வர வேண்டும்.

ஸ்டேஷன் பின்புறம் பறிமுதல் வண்டிகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து துருப்பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் அது நின்றது. மாமியார் வீட்டில் மகளைப் பார்த்த அப்பாவைப் போல அதை மேலும் கீழும் பார்த்தார்.

பெண் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

“நம்பர் பிளேட் இல்லை. எஞ்சின் நம்பரையும் வழுவழுன்னு தேச்சு எடுத்துட்டான். ஆனா தார்ப்பாய் போட்டு மூடி, டயர் ஈரத்துல படாம செங்கல் மேல நிறுத்தியிருக்கான். இப்படி ஒரு பாசக்காரத் திருடனை நான் பாத்ததில்லை.”

உரிமை கோரியவன் தோல் கோட்டும் கூலிங்கிளாசுமாக நின்றான். ஆடு வாங்க வந்தவன் மாதிரி வண்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

“இது வண்டி இல்ல மேடம், என் உசுரு. என் சம்சாரத்தைக் கல்யாணத்துக்கு முன்னாடி இதுலதான் சுத்திக் காட்டினேன். சத்தமே வராது. ஒரு சொட்டு ஆயில் ஒழுகினதில்லை.”

டாக்டர் மீசைக்குள் சிரித்தார். எண்ணெய் ஒழுகாத ஒற்றை சிலிண்டரை அவர் பார்த்ததில்லை. வீட்டு வாசலில் அதற்கென்றே ஒரு தகரத் தட்டு முப்பத்தொரு வருடம் இருந்தது. சத்தம் வராதாம். ஒரு ‘டப்’புக்கும் அடுத்த ‘டப்’புக்கும் நடுவில் ஒருவன் மூச்சு விட்டுக்கொள்ளலாம். அந்த ‘டப்’பைக் கேட்பதற்காகவே தினமும் விடிகாலையில் ஊர் எழுவதற்கு முன் ஒரு சுற்றுப் போய் வருவார். எஞ்சினின் சூடு முழங்காலில் ஏறும். ஒருமுறை மழையில் நின்றுபோனபோது ஸ்பார்க் பிளக்கைத் தன் புடவையில் துடைத்துக் கொடுத்தவள், இப்போது சனியன் என்கிற இதே மனைவிதான்.

கூலிங்கிளாஸ், ஹெட்லைட் வளையத்தில் இருந்த நசுங்கலைத் தொட்டான். “இது நான் செவுத்துல மோதினப்போ.”

அதற்கு மட்டும் டாக்டர் மனதுக்குள்ளும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

“உங்களுதா சார்?” என்றார் இன்ஸ்பெக்டர். “இல்லைன்னா இவருக்குக் குடுத்துடறேன். எனக்கும் இடம் அடைக்குது.”

‘இல்லை’ என்று சொல்ல டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் கூலிங்கிளாஸ் வண்டி மேல் ஏறி, அதிலேயே இருந்த சாவியைத் திருகி, இடது காலால் கியரைத் தேடி மிதித்தான்.

“கியர் வலது பக்கம். நீ மிதிக்கிறது பிரேக்குய்யா.”

வாய் முந்திக்கொண்டது.

“எல்லா வண்டிக்கும் இடது பக்கம்தான் சார்” என்றான் கூலிங்கிளாஸ். எழுந்து நின்று கிக்கரை உதைத்தான். ஆறு உதை. எஞ்சின் இருமக்கூட இல்லை. ஏழாவது உதையில் கிக்கர் திருப்பி அடிக்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

“தள்ளு.”

டாக்டர் ஏறினார். ஹாண்டிலுக்கு அடியில் இருந்த சின்ன லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக இறக்கினார். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்தது. லீவரை விட்டார். ஒரே உதை.

டப். டப். டப்.

ஸ்டேஷன் ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன.

“முப்பத்தொரு வருஷம் மேடம். இந்தக் கிக்கர் மேல இன்னொருத்தன் கால் பட்டதில்லை. என் மச்சான் ஒரு ரவுண்டு கேட்டான், குடுக்கலை. ரெண்டு வருஷம் பேசாம இருந்தான். இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

“பொய் மேடம்” என்றான் கூலிங்கிளாஸ். “போன வருஷமே என்கிட்டேருந்து திருடு போயிடுச்சு.”

“போன வருஷமா? குனிஞ்சு பாருய்யா. புது செயின். ஜூன் எட்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை, என் கையால மாத்தினேன். பில்லு வீட்டுல இருக்கு. பத்தாம் தேதி வரைக்கும் என்கிட்டதான் இருந்துச்சு.”

“அந்த மூணு நாளும் வேற யாரும் எடுக்கலையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தொடக்கூட விட்டதில்லைங்கறேன்.”

“எழுதித் தர முடியுமா?”

“தாராளமா.”

பெட்ரோல் டாங்க் மேலேயே தாளை வைத்து, தேதிகளோடு எழுதி, கையெழுத்துப் போட்டார். கூலிங்கிளாசை ஒரு பார்வை பார்த்தார். சொத்தைப் பல்லைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டபின் அவர் பார்க்கும் பார்வை அது.

இன்ஸ்பெக்டர் தாளை இரண்டு முறை படித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். கையை நீட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினார்.

கூலிங்கிளாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நொண்டியபடியே ஒரு சல்யூட் அடித்தான்.

“யூனிஃபார்ம் மாத்திக்கட்டுமா மேடம்? கோட்டு வேகுது. எனக்கு சைக்கிளே சரியா வராது.”

“போய்யா” என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

“ஜூன் ஒன்பது, விடிகாலை. நைட் டியூட்டி முடிஞ்சு நடந்து போன நர்ஸை இடிச்சுட்டு, இதே சத்தத்தோட ஒரு வண்டி நிக்காம போச்சுன்னு அந்தத் தெருவே சொல்லுது. அந்தப் பொண்ணு பொழைக்கலை. அன்னைக்கு இதை ஓட்டினது யாரு, டாக்டர்?”