கைக்குத் தண்ணீர்

"வயலிலிருந்து அண்ணன் திரும்பியபோது வீட்டில் விளக்கு எரியவில்லை" என்று வாசித்துவிட்டு, பக்கத்தைப் புரட்ட விரலில் எச்சில் தொட்டார் தாஹிர் வாத்தியார்.

"கைக்குத் தண்ணியும் ஊத்தல," என்றாள் நபவிய்யா.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். புரட்டிய பக்கத்தில் அதே வரிதான் இருந்தது.

எழுத்தறியாதவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து மாலைத் தேநீரோடு அவர் வாசித்துக் காட்டியவைதான் அவளுக்குத் தெரிந்த கதைகள் அத்தனையும். ஆனால் இன்றைக்குப் பார்த்து ஏன் இதை எடுத்தார்?

காலையில்தான் அஸ்வானிலிருந்து அவருடைய தம்பி பத்ரியின் மகள் போன் செய்திருந்தாள். அப்பாவுக்கு இனி நாளில்லை, பிறந்த வீட்டில் கண்ணை மூட ஆசைப்படுகிறார், பெரியப்பா ஒரு வார்த்தை 'வா' என்றால் போதும் என்று அழுதாள். சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்தவர், தேநீர் வேளை வந்ததும் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாரோக்கள் காலத்துக் கதை. கொழுந்தன் தன் கையைப் பிடித்து இழுத்தான் என்று புருஷனிடம் பொய் சொல்கிறாள் ஒருத்தி. அண்ணன் ஈட்டியோடு தொழுவத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான். உள்ளே வரும் பசுதான் தம்பியை எச்சரிக்கிறது, ஓடிப்போய்விடு என்று.

"மாட்டுக்கு இருக்கிற வாய் மனுஷிக்கு இல்ல பாரு," என்றார் தாஹிர். "அண்ணனும் சரியான மடையன். தம்பிய ஒரு வார்த்தை கேட்டானா?"

நபவிய்யாவின் மடியில் முலூக்கிய்யாக் கீரை அப்படியே கிடந்தது. கடைசியில் அந்த அண்ணன் உண்மை தெரிந்து மனைவியைக் கொன்று நாய்களுக்குப் போடுவான். அதுவும் அவளுக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய துணியோடு இந்த வாசலைத் தாண்டிப் போன பத்ரியின் முதுகு இன்னும் கண்ணுக்குள் நின்றது.

"ஹாஜி," என்றாள். "பத்ரி என்னத் தொடல. தனிக்குடித்தனம் வேணும்னு அன்னைக்கு நான்தான் விளக்க ஏத்தாம, உங்க கைக்குத் தண்ணி ஊத்தாமக் கிடந்தேன். எல்லாம் பொய். என்ன வெட்டிப் போட்டாலும் சரி, அவர வரச் சொல்லுங்க."

தாஹிர் புத்தகத்தை மூடி வைத்தார். சன்னலுக்கு வெளியே கால்வாயின் இரண்டு கரையிலும் அவருடைய கரும்பு காற்றில் சாய்ந்து எழுந்தது. ஒரு காலத்தில் அக்கரை பத்ரிக்கு என்று பேச்சு இருந்தது.

போன் அடித்தது. அஸ்வான்தான். எடுத்துப் பார்த்தார், அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"எங்கப்பா செத்து, நிலத்தப் பங்கு போட இருந்த வாரம். இந்தக் கதைய உனக்கு மூணு தடவ வாசிச்சுக் காட்டினேனே, எதுக்குன்னு நெனச்ச?"