விட்டுப்போன வளையம்

"இவ்வளவு நாள் தப்பிச்சிட்ட, வெண்டல். இன்னைக்கு உன் முறை. நட!" என்று அவனைக் கேமராவுக்கு முன்னால் தள்ளிவிட்டாள் டெஸ், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவள்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு அது. ஒருவர் எதையாவது ஒளித்துவைத்து நடக்க வேண்டும். மற்றவர்கள் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் நடந்தவர் செலவில் சாப்பாடு. கேமராவுக்குள் உறைகுளிரில் வரிசை வரிசையாக இருக்கும் மீக்கடத்திச் சந்திகள் என்னும் நுண்ணிய உணரிகள், உடம்பிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத டெராஹெர்ட்ஸ் அலையைப் பிடித்து, ஒன்றுக்கொரு புள்ளியாகப் படமாக்கும். துணி மறைந்துபோகும். உலோகம் கறுப்பாக நிற்கும்.

திரையில் வெண்டல் பனியால் செய்த மனிதன்போல் வெள்ளையாக நடந்தான்.

"இடுப்புல ஸ்பேனர்! எனக்கு பரீட்டோ!" என்று கத்திவிட்டு, ஆர்டர் கொடுக்க வெளியே ஓடினாள் டெஸ்.

"மூணு வாரமா தினம் உன்கூடத்தான் சாப்பிடறா. இன்னும் பசி தீரலையா அவளுக்கு?" என்றாள் கேமராவை இயக்கிக்கொண்டிருந்த லோரெட்டா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சின்னப் பொண்ணு. ஊருக்குப் புதுசு."

அப்போதுதான் லோரெட்டா அதைப் பார்த்தாள். அவன் சட்டைப் பைக்குள் சின்னதாக ஒரு கறுப்பு வளையம். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது.

திரையில் அந்த இடத்தை விரலால் தட்டினாள்.

"மோதிரம் யாருக்கு? டெஸ்ஸுக்கா? உன் வயசுல பாதிதான் அவளுக்கு!"

வெண்டலின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. "யாருக்கா இருந்தா உனக்கென்ன?"

"எனக்கென்ன? ஒண்ணுமில்ல. கூட வேலை பாக்கறவ, கேட்டேன்."

"உன் கேமராவுக்குக் கண்ணு சரியில்ல."

"ஒரே ஒரு சந்திதான் செத்திருக்கு. வளையம் விட்டுப்போன மாதிரி தெரியுதே, அந்த இடம். மத்ததெல்லாம் நல்லாத்தான் பாக்குது. மழுப்பாத!"

"செத்த சந்தி திரையில ஒரே இடத்துலதானே இருக்கும்?" வெண்டல் மெதுவாக இரண்டடி நகர்ந்து நின்றான். "இப்போ பாரு."

திரையில் வளையம் நகர்ந்தது. அந்த இடைவெளியும் வளையத்தோடு சேர்ந்தே நகர்ந்தது.

எந்தச் சந்தியும் சாகவில்லை. ஆறு வருடத்துக்கு முன், விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்று, தன் விரலைவிட்டுக் கழல மறுத்த, வெண்டல் போட்டுவிட்ட கல்யாண மோதிரத்தை இதே மேஜையில் வெட்டியெடுத்துக் குப்பைக்கூடையில் எறிந்தவள் லோரெட்டாதான்.