பிடுங்காமல் விட்ட மஞ்சள்

மாதக்கணக்கில் கல்யாணத்துக்குக் கேட்டுவந்த ஸ்டெல்லாவை அசத்தலாம் என்று அவள் தோட்டத்தில் களை பறித்தேன். மாலையில்தான் பூக்கும் என்று தெரியாமல், பகலில் துவண்டு கிடந்த ஈவினிங் பிரிம்ரோஸ் செடிகளைச் செத்துவிட்டதாக நினைத்து வேரோடு பிடுங்கினேன். வெள்ளையாய் மலர்ந்து விடிந்ததும் ரோஜா நிறமாகிற ரகம் மொத்தமும் போயிற்று. மஞ்சள் ரகம் மட்டும் என் சோம்பலால் தப்பியது.

"பேசாம உக்காந்து பாருங்க," என்றாள் சாயங்காலம் வந்து பார்த்த ஸ்டெல்லா, மிஞ்சிய மஞ்சள் செடி முன் நாற்காலியைப் போட்டு.

குன்னூர் மலையில் வெயில் இறங்கியது. மொட்டு ஒன்று நடுங்கியது. முறுக்கு அவிழ்ந்து, கண்ணெதிரே சட்டென்று விரிந்தது. பக்கத்திலேயே இன்னொன்று! நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்.

"ஐயோ, இறங்குங்க! பூவப் பாத்து இப்படியா கத்துவாங்க?"

"அப்ப நம்ம கல்யாணம்?"

இத்தனை மாதமும் "பாக்கலாம்" என்றே சொல்லிவந்தவள் சிரித்தாள்.

"கட்டிக்கிறேன். கையக் கழுவிட்டு வாங்க, அப்பாகிட்டச் சொல்லுவோம்."