மூன்றாவது குறிப்பு

அவர் எழுதிய நாடகம் புத்தகமாக வரப்போகிறது. புரியாத இடங்களுக்கு அவர் விளக்கம் சொல்லச் சொல்ல, மனைவி எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை, தூக்கத்தில் யாரோ பேசுவதுபோல் முணுமுணுத்தது.

“மூணாவது மணி அடிச்சதும் எல்லாரும் வாயை மூடிக்கிறாங்களே, ஏன்?”

“பழைய கொட்டகை வழக்கம். மூணாவது மணிக்குத் திரை தூக்குவாங்க.”

“தலையாட்டிட்டே இருக்கிற பொம்மைங்க?”

“மந்திரிசபை. எந்த ஆட்சி வந்தாலும் இந்தக் குறிப்பை மாத்த வேண்டாம்.”

அவள் சிரித்தாள். “சரி, காலையில கதாநாயகன் கை தானா ஆடுதே, ஏன்?”

“நடுக்குவாதத்தோட ஆரம்பம். மாத்திரை போட்டு அரைமணி கழிச்சுதான் கை நம்ம பேச்சைக் கேக்கும். அதுவரைக்கும் வீட்டுல யாரும் முழிச்சிடக் கூடாதேன்னு பயமா இருக்கும்.”

“அச்சு அசலா சொல்றீங்களே! எந்த டாக்டரைக் கேட்டீங்க?”

அவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் டாக்டரைத்தான். உன்கிட்ட நேரா சொல்ல வாய் வரலை. அதான் நாடகமா எழுதினேன்.”

பேனா நின்றது. பிறகு அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அடுத்த தடவை டாக்டர்கிட்ட நானும் வரேன். அவர்கிட்ட எனக்கும் நிறைய அர்த்தம் கேக்கணும்.”