நாலாவது அலசல்

அரக்குச் சாயம் ஏற்றிய பட்டு நூலைத் தண்ணீர் தெளியும்வரை நான்கு முறை அலச வேண்டும். தண்ணீர் லாரி வராத அன்று கச்சபேசன் மூன்றோடு நிறுத்திவிட்டார். யாரோ கட்டப்போகிற சேலைதானே.

"கூறைப்பட்டு எங்க தறியிலயே நெய்ஞ்சது சம்பந்தி. சாயமும் நீங்க போட்டதுதான்!" மணமேடையில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓமப்புகையில் மகள் பரிமளாவுக்கு வியர்த்து ஊற்றியது. கொசுவத்தைப் பிடித்திருந்த கையால் அப்பாவின் காலைத் தொட்டு எழுந்தாள். அவருடைய வெள்ளை வேட்டியில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்துவிட்டன.

"ஐயோ, குங்குமம் ஒட்டிக்கிச்சுப்பா."

"குங்குமந்தாம்மா" என்றார் கச்சபேசன். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.