ஏரிகள் சேர்ந்து தேடிய விடை

வடக்கே பல நாட்டு ஏரிகளில் வாத்து முட்டைகள் குஞ்சு பொரிக்காமலே உடைந்துபோயின. காரணம் தேட அந்த ஏரிகளின் பறவைகளெல்லாம் ஒன்றுசேர்ந்தன.

குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கு ஏரிக்கு வந்த வாத்து ஒன்று, அங்கிருந்த ஆமையிடம் உதவி கேட்டது.

"எங்கள் தண்ணீரில் ஒரு குறையும் தெரியவில்லை. உனக்குச் சேறு தெரியும், மீன்கொத்திக்கு மீன் தெரியும். நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். நான் இன்னும் என் குஞ்சு ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை."

தன்னையும் கேட்டார்களே என்று ஆமைக்குப் பெருமை. அது சேற்றைக் கிளறியது. மீன்கொத்தி செத்து மிதந்த மீன்களை ஆராய்ந்தது. இருவரும் கண்டதைச் சேர்த்துப் பார்த்தபோது விடை கிடைத்துவிட்டது.

"இதைச் சொன்னால் இனி யாரும் இங்கே வரமாட்டார்கள்" என்றது மீன்கொத்தி.

ஆமை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் வாத்திடம் போனது.

"விஷம் எங்கள் சேற்றில்தான் இருக்கிறது. நீங்கள் இங்கே தின்னும் நத்தை வழியாக உங்கள் முட்டைக்குப் போகிறது. எல்லா ஏரிகளுக்கும் சொல்லிவிடு."

"நீ என்ன செய்வாய்?"

"எனக்குப் பறக்கத் தெரியாதே."

கோடையில் மீன்கொத்தியும் வேறு ஏரி தேடிப் போய்விட்டது.

அடுத்த குளிர்காலத்தில் வாத்துக் கூட்டம் ஏரிக்கு மேலே பறந்து வந்தது. "அம்மா, இங்கே இறங்கலாமா?" என்று ஓர் இளங்குரல் கேட்டது.

"வேண்டாம், கண்ணு. மேலே போ."

ஆமைக்கு அந்தத் தாயின் குரல் தெரிந்தது. ஆனாலும் அது கூப்பிடவில்லை.