வாசலில் வண்டிச் சத்தம்

“அடிச்சான், ஒத்துக்கறேன். மருந்துச் செலவு கேட்கட்டும், தூக்கிப் போடறேன். அழுததுக்கெல்லாம் அஞ்சு லட்சம்னா எப்படி வக்கீல் சார்?”

அழகர்சாமி மேஜையைத் தட்டினார். வக்கீல் அற்புதசாமியின் டீ கிளாஸ் ஒரு துள்ளு துள்ளி நின்றது.

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதிலிருந்தே அழகர்சாமி ஓயவில்லை. மருமகள் மலர்க்கொடி ஆறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டுப் புத்தூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள் சும்மா இருக்கவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டாள். மகன் ரஞ்சித் முதல் எதிர்மனுதாரர், மாமனார் இரண்டாவது. மன உளைச்சலுக்கு இழப்பீடு ஐந்து லட்சம்.

காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கண்டக்டரிடம்கூட நியாயம் கேட்டுப் பார்த்தார். கண்டக்டர் சில்லறை கேட்டார்.

“ரஞ்சித் வரலையா?” என்றார் வக்கீல்.

“அவனுக்கு லீவு இல்லை. எதுவானாலும் என்னைக் கேளுங்க. எங்க தெருவுல கார்ப்பரேஷனுக்கு மனுவா, ஈ.பி.க்கு மனுவா, எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க. சட்டம் நமக்குப் புதுசில்லை.”

பக்கத்தில் அவர் மனைவி மாரியாயி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் பேசும் இடத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவைப் பிரித்தார்.

“பதில் மனு போடணும்னா ஒவ்வொண்ணுக்கும் பதில் வேணும். வாசிக்கிறேன், சொல்லுங்க. ‘இரவில் தூக்கம் இல்லை.’”

“ஏன் இல்லை? ஏ.சி. ரூம் சார்! மெத்தை நான் வாங்கிப் போட்டது.”

“‘தட்டில் போட்ட சோறு தொண்டையில் இறங்குவதில்லை.’”

“மண்ணச்சநல்லூர் மில்லுலேர்ந்து மூட்டை மூட்டையா பொன்னி அரிசி இறங்குது. இவளுக்குத் தொண்டையில இறங்கலையாம்!”

“‘வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது.’”

அழகர்சாமி வாய்விட்டுச் சிரித்தார்.

“புருஷன் பைக்ல வீட்டுக்கு வரான், அதுக்குப் படபடப்பா? எவனோ கூலி வாங்கிக்கிட்டு எழுதின வசனம் சார் இது. மனசு என்ன, தராசுல வெச்சு விலை சொல்ற சாமானா? மன உளைச்சல்னு சொல்லிக் காசு கேட்கிறதே கேவலம்னு எழுதுங்க. அப்படியே எழுதுங்க.”

வக்கீல் எழுதவில்லை. மனுவின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“மூணாவது ஆவணம்னு ஒண்ணு சேர்த்திருக்காங்க. நுகர்வோர் கோர்ட் உத்தரவு, கூடவே அந்தப் புகார் மனு. மூணு வருஷத்துக்கு முன்னால போட்டது. புகார்தாரர் அழகர்சாமி. நீங்களா?”

“நானேதான்!” அழகர்சாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஃப்ரிட்ஜ் கேஸ். வாங்கின மறுநாளே குளிரலை. கடைக்காரன் பதினோரு நாள் மெக்கானிக்கை அனுப்பாம இழுத்தடிச்சான். விடுவேனா? வக்கீலே வெச்சுக்காம நானே பேசி இருபத்தஞ்சாயிரம் வாங்கினேன். பேப்பர்ல வந்துச்சு. லாமினேட் பண்ணி ஹால்ல மாட்டியிருக்கேன்.”

“ஃப்ரிட்ஜைத்தான் மாத்திக் கொடுத்துட்டாங்கன்னு இருக்கே. இருபத்தஞ்சாயிரம் எதுக்கு?”

“அது வந்து...”

“மன உளைச்சலுக்கு,” என்று வக்கீலே உத்தரவைப் பார்த்துப் படித்தார். பிறகு அடுத்த தாளை எடுத்தார். “இது உங்க புகார். ‘இரவில் தூக்கம் இல்லை. தட்டில் போட்ட சோறு தொண்டையில் இறங்குவதில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது.’”

அழகர்சாமி தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“அது... மெக்கானிக் வண்டியோ என்னவோன்னு...”

“இதையும் கூலிக்கு எழுதினாங்களா?”

“சேச்சே. மலர்க்கொடிதான் எழுதுச்சு. எழுத்து மணிமணியா இருக்கும். ஃப்ரிட்ஜ் விஷயத்தைச் சொல்லி, நல்லா உருக்கமா எழுதி வைம்மான்னுட்டுப் போய்ப் படுத்தேன். காலையில ரெடியா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்.”

“படிச்சுப் பார்த்தீங்களா?”

“பார்க்காம? கோர்ட்ல ஜட்ஜ் சீட்ல அம்மா ஒருத்தங்க உட்கார்ந்திருந்தாங்க. இந்த மூணு வரியைப் படிச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாங்க சார். அப்பவே தெரிஞ்சுபோச்சு, கேஸ் நம்ம பக்கம்னு.”

சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்துவிட்டது. மேஜையை இன்னொரு தட்டு தட்டினார்.

“அப்போ இவ என் மனுவைக் காப்பியடிச்சிருக்கா! பிடிச்சுக்குங்க சார் இந்தப் பாயிண்டை. இது அத்தனையும் என்னோட மன உளைச்சல். கோர்ட்டே ஒத்துக்கிட்டு எனக்குப் பணம் கொடுத்திருக்கு. அதை இவ எப்படித் தன்னோடதுன்னு சொல்லலாம்? எழுதுங்க!”

வக்கீல் பேனா மூடியைக் கழற்றினார். ஃபீஸ் வாங்குகிறவர், எழுதித்தானே ஆகவேண்டும்.

“ஏங்க,” என்றாள் மாரியாயி.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் இன்னும் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஃப்ரிட்ஜ் கெட்டுக் கிடந்த பதினோரு நாளும் நீங்க குறட்டை விட்டுத் தூங்கினீங்க. தூங்காம உட்கார்ந்திருந்தது அவதான்.”